மே ராணிக்குத் துடக்குக் கழிவு

உங்கட மடியில இருக்கிறது சாமத்திய வீட்டுக்குக் கொண்டுபோற பைதானே. பாத்தவுடன எனக்குத் தெரியும். ரோஸ் நிறம், வெள்ளி ரிபன், பெரியபிள்ளையான பெட்டையின்ர பேர் போட்ட மட்டை. கலியாணத்துக்கு எண்டா ஒருத்தரும் உப்பிடி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏற மாட்டினம். மேல வைக்காதேங்கோ, நசிஞ்சு போடும். இஞ்சை, எனக்கும் உங்களுக்கும் நடுவில வையுங்கோ. நான் தமிழில கதைக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ, நீங்கள் போனில கதைக்கேக்கை கேட்டனான். ஒட்டுக் கேக்கேல்லை. கேட்டுது.

நான் பொதுவா சாமத்திய வீடுகளுக்குப் போறேல்லை. கோவம் ஒண்டும் இல்லை. முப்பத்தேழு வருசமா ஒரு மனக்குறை, அவ்வளவுதான். எனக்கு இப்ப நாப்பத்தெட்டு வயசு. எங்கட சொந்தத்துக்குள்ள என்ர வயசுப் பெட்டையள் பதினாலு பேர். பதின்மூண்டு பேருக்கும் சாமத்திய வீடு நடந்தது. பட்டுச் சாறி, தலை நிறையப் பூ, ஆலாத்தி, வீடியோ, தூக்க ஏலாத பாரத்தில ஒரு அல்பம். எனக்கு மட்டும் நடக்கேல்லை. எனக்கு நடந்தது வேற. அதைக் கேட்டா பிழை ஆரில எண்டு நீங்களே சொல்லுவியள். நான் இப்பவே சொல்லுறன், பிழை அம்மாவில.

நாங்கள் எண்பத்தைஞ்சில வந்தனாங்கள். மற்றச் சனம் எல்லாம் லண்டனில ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, ரூட்டிங் எண்டு ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா இருந்துதுகள். எங்கட அப்பாவுக்குத்தான் காளான் பண்ணையில வேலை கிடைச்சது. நோர்போக்கில லிட்டில் பார்ஸ்கம் எண்டு ஒரு ஊர். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டியள். நோர்போக்கில இருக்கிறவையே கேள்விப்பட்டிருக்க மாட்டினம்.

ஊர் எண்டு பேர்தான், உண்மையில ரெண்டு ஊர். கீழ கிராமம். சேர்ச், வாத்துக் குளம், தபால் கந்தோர், கொடி படர்ந்த பழைய வீடுகள். மேல எங்கட எஸ்ரேற். கவுன்சில் கட்டின நாப்பது வீடு, எல்லாம் ஒரே அச்சு. ரெண்டுக்கும் நடுவில சீனி செய்யிற கிழங்கு போட்ட ஒரு வயல். எஸ்ரேற்றுக்கு நடுவில சதுரமா ஒரு புல்வெளி இருந்தது. அதில பந்து விளையாடக் கூடாது எண்டு கவுன்சில் ஒரு பலகை நட்டிருந்தது. அந்தப் பலகைதான் எங்களுக்கு கோல் போஸ்ற். ஐஸ்கிறீம் வான் எங்களட்டை மட்டும்தான் வரும், ஏனெண்டா அதின்ர மணிச்சத்தம் கரைச்சலா இருக்கெண்டு கீழ ஆக்கள் கடிதம் எழுதிப்போட்டினம். கீழ்ப் பிள்ளையள் வெயிலிலயும் றப்பர் பூட்ஸ் போடுவினம். நாங்கள் மழையிலயும் கான்வஸ் சப்பாத்து. பள்ளிக்கூடம் ஒண்டுதான். மத்தியானச் சாப்பாட்டு மேசையில கீழ ஒரு பக்கம், மேல ஒரு பக்கம். இப்பிடி இருக்கச் சொல்லி ஆரும் சொல்லேல்லை. நாங்களே இருப்பம்.

அம்மா மூண்டு வருசமாக் கீழ இறங்கேல்லை. வந்த முதற் கிழமை முத்திரை வாங்கத் தபால் கந்தோருக்குப் போனவ. அவ கதவைத் திறக்க உள்ள கதைச்சுக்கொண்டிருந்த சனம் எல்லாம் ஒரேயடியா வாயை மூடிப்போட்டுதாம். அதுக்குப் பிறகு அப்பாதான் முத்திரை வாங்கினார். கீழ என்ன கிடக்கு, ஒண்டும் இல்லை எண்டு அம்மா சொல்லுவா.

இனி விசயத்துக்கு வாறன். லிட்டில் பார்ஸ்கத்தில மே மாசம் முதல் திங்கட்கிழமை மே ராணி எண்டு ஒரு கொண்டாட்டம். பள்ளிக்கூடத்தின்ர கடைசி வகுப்பில ஒரு பெட்டையை ராணியாத் தெரிஞ்செடுப்பினம். அவளுக்கு வெள்ளை உடுப்பு, தலையில பூ முடி, உழவு மிசின் இழுக்கிற ஒரு வண்டிலில கதிரை போட்டு, பூவால சோடிச்சு, ஊர் முழுக்கச் சுத்திக்கொண்டு வருவினம். பசும் புல்லில ஒரு கம்பம் நட்டு, அதில கலர் கலரா ரிபன் கட்டி, சின்னப் பிள்ளையள் சுத்திச் சுத்தி ஆடும். எங்கட பின்னல் கோலாட்டம் இருக்கல்லோ, அதேதான். பிறகு தேத்தண்ணி, கேக். நான் ரெண்டு வருசம் வேலிக்கு அங்கால நிண்டு பாத்தனான். எனக்கு அந்தக் கதிரையில இருக்க வேணும். வேற ஒண்டும் வேண்டாம், அந்தக் கதிரை வேணும்.

எஸ்ரேற்றுப் பெட்டை ஒருத்தி ஒருக்காலும் ராணியா வந்ததில்லை. பிள்ளையள் வாக்குப் போட்டுத்தான் தெரிவு. எங்கட வகுப்பில கீழ பத்துப் பேர், மேல ஒன்பது பேர். கணக்கு விளங்குதுதானே. ஆனா அந்த வருசம் கீழ்ப் பெட்டையள் ஹரியற்றும் ஃபியோனாவும் ஒரு முயலுக்குச் சண்டை பிடிச்சு, ரெண்டு பேரும் போட்டிக்கு நிண்டினம். அவையின்ர பத்தும் ஆறும் நாலுமாப் பிரிஞ்சுது. எங்கட ஒன்பதும் எனக்கு. எங்கட பக்கத்து வீட்டு டொனாவும் நிக்கத்தான் இருந்தவள். நான் மறிக்கேல்லை. அம்மா பொரிச்ச மட்டன் ரோல்ஸ் ஒரு கிழமையாக் கொண்டுபோய்க் குடுத்தனான், அவள் தானா விலகினாள். மற்றப் பிள்ளையளுக்கும் ஆளுக்குப் பாதி குடுத்தனான். அது பழக்கத்துக்குக் குடுத்தது. நான் என்ர திறமையிலதான் வெண்டனான்.

வெண்டு ரெண்டு கிழமை ஆகேல்லை. ஈஸ்ரர் லீவு. ஏப்ரல் ஒன்பதாம் திகதி நான் பெரியபிள்ளை ஆனன்.

அம்மா என்னைக் கொண்டுபோய் மேல்மாடியில இருந்த சின்ன அறைக்குள்ள விட்டிட்டா. தலைக்குத் தண்ணி வாத்துத் துடக்குத் தீட்டுக் கழியும்வரைக்கும் வெளிய வரக்கூடாது, ஒருத்தரின்ர கண்ணிலயும் படக்கூடாது, குசினிப் பக்கம் எட்டியும் பாக்கக்கூடாது. காலமை பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். பின்னேரம் உழுத்தங்களி. ஈஸ்ட்ஹாமில இருந்த குணசீலன் மாமா, அவர்தான் என்ர தாய்மாமன், ஐயரைக் கேட்டு நாள் பாத்தார். சித்திரையில நாள் சரியில்லை, வைகாசியும் சரியில்லை, ஆனியிலதான் எண்டு ஐயர் சொல்லிப்போட்டார். மாமா ஜூன் கடைசிக்கு மண்டபம் பதிஞ்சார். அதுவரைக்கும் நான் அறைக்குள்ள. மே முதல் திங்கள் இடையில வருது. என்ர நிலைமையை யோசிச்சுப் பாருங்கோ.

பள்ளிக்கூடம் துடங்கி நான் போகேல்லை எண்டவுடன, ரீச்சர் மிஸ் கோல்பி எங்கட வீட்டு வாசலுக்கே வந்தா. பிள்ளைக்கு அம்மாள் வருத்தம், மேலெல்லாம் கொப்புளம் எண்டு அப்பா ஒரு பொய்யை விட்டார். ரீச்சர் பாவம், நம்பிக்கொண்டு போனா. போற வழியில டொனாவிட்டை, வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு நான் வராட்டி ஹரியற்றைத்தான் கதிரையில இருத்த வேண்டிவரும் எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கிறா. டொனா எங்கட யன்னலுக்குக் கீழ நிண்டு எஸ்ரேற் முழுக்கக் கேக்கக் கத்தினாள். ஹரியற் என்ர கதிரையில இருக்கிறதை நினைக்க எனக்குச் சோறு இறங்கேல்லை.

இப்ப நான் செய்ததைக் கவனமாக் கேளுங்கோ. கனகாலத்துக்குப் பிறகு எல்லாரும் நான் பொய் சொன்னனான் எண்டு கதைச்சினம். நான் பொய் சொல்லேல்லை. என்னட்டை முந்தின வருசப் பேப்பரில வந்த ஒரு படம் வெட்டி வைச்சிருந்தது. அதை எடுத்து அம்மாவுக்குக் காட்டினன். அவ்வளவுதான். படத்தில ராணி வெள்ளை உடுப்போட கதிரையில இருக்கிறாள். தலையில பூ. ரெண்டு பக்கமும் சின்னப் பெட்டையள் பூத்தட்டோட நிக்கினம். பக்கத்தில வயசான ஒரு ஆள் கோட்டுப் போட்டுக்கொண்டு நிக்கிறார். அவர் இறைச்சிக்கடைக்காரர், வண்டில் அவரின்ர.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பாத்தா. பிறகு, இந்த ஆள் ஆர் எண்டு கேட்டவ. அந்தப் பிள்ளையின்ர மாமா எண்டு சொன்னன். கீழ ஊரில எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு சொந்தம், அது பொய் ஆகாது. இந்தப் பிள்ளை எப்ப பெரியபிள்ளை ஆனவள் எண்டு கேட்டவ. ஏப்ரலில எண்டன். வருசத்துக்கு ஒரு பிள்ளைக்குத்தானோ எண்டு கேட்டவ. ஓம், ஊர்ச் செலவில எண்டன். அதுவும் உண்மைதானே, ஊர்ச் செலவுதான்.

அம்மா படத்தை மடியில வைச்சுக்கொண்டு அழத் துடங்கிட்டா.

"இதுகளும் செய்யுதுகளோ பிள்ளை," எண்டு கேட்டவ. "நான் இதுகளை ஒரு முறையும் இல்லாத சனம் எண்டெல்லோ நினைச்சுப்போட்டன்."

எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனா ஒத்திகை வெள்ளிக்கிழமை.

என்ர எண்ணம் என்னெண்டா, மேயில கதிரை, ஜூனில மண்டபம். ரெண்டும் எனக்கு. அம்மா அறைக்கதவைத் திறந்து விட்டா சரி, மற்றதை நான் பாத்துக்கொள்ளுவன். அம்மா கதவைத் திறந்துதான் விட்டா. ஆனா அதோட நிக்கேல்லை. ஊர் கூடி என்ர பிள்ளைக்குச் சடங்கு செய்யுது, நான் கையைக் கட்டிக்கொண்டிருக்கவோ எண்டு சொல்லி, பச்சைச் சாறியைக் கட்டிக்கொண்டு, மூண்டு வருசத்துக்குப் பிறகு கீழ இறங்கிப் போனவ. கொண்டாட்டத்துக்குப் பொறுப்பு மிஸிஸ் ஹார்க்னஸ் எண்டு ஒரு மனுசி. பெரிய வீடு, ரெண்டு நாய், ஊரில அவவைக் கண்டா பாதிரியாரே ஒதுங்கி நிப்பார்.

அங்கை நடந்ததை நான் கூடப் போனபடியாச் சொல்லுறன். அம்மா தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில, தண்ணி ஆர் வாக்கிறது எண்டு கேட்டவ. மிஸிஸ் ஹார்க்னஸ் தேத்தண்ணியை நினைச்சு, நான்தான் இருபத்திரண்டு வருசமா வாக்கிறன், வேற ஆரையும் தொட விடமாட்டன் எண்டு சொன்னா. அம்மாவுக்கு அந்த இடத்திலயே அவவில ஒரு மரியாதை வந்திட்டுது. சுமங்கலியோ எண்டு என்னட்டைத் தமிழில கேட்டவ. ஓம் எண்டன். புருசன் தோட்டத்தில நிண்டு பூவுக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு அம்மா, என்ர தமையனும் வருவார், அவர் இல்லாமல் செய்ய ஏலாது எண்டு சொன்னவ. தாராளமா வரட்டும், இது எல்லாருக்கும் பொதுதானே எண்டு மிஸிஸ் ஹார்க்னஸ் சொன்னா. பொது எண்டு அவ சொல்லியிருக்கக் கூடாது. எங்கட ஆக்களிட்டைச் சொல்லுற சொல்லே அது.

நாள் சரியில்லை எண்டு ஐயர் சொன்னவரே எண்டு அப்பா மெல்லக் கேட்டுப் பாத்தார். அவையள் அவையின்ர நாள் பாத்துத்தானே வைச்சிருப்பினம் எண்டு அம்மா ஒரே சொல்லில முடிச்சுப்போட்டா.

மே ரெண்டாந் திகதி. என்னைக் கதிரையில இருத்தியாச்சு. ராணியின்ர வெள்ளைச் சட்டை, அது எல்லா ராணிமாரும் போட்ட ஒரே சட்டை, எனக்குத் தோளில கொஞ்சம் பெரிசு. அதுக்கு மேல அம்மாவின்ர அட்டியல், காப்பு, பதக்கஞ்சங்கிலி. மிஸிஸ் ஹார்க்னஸ் தன்ர வீட்டில வைச்சுத்தான் எனக்குச் சட்டை மாத்தினவ, தண்ணியும் அங்கையே வாத்தாச்சு எண்டு அம்மா நினைச்சுக்கொண்டா. உழவு மிசின் சேர்ச்சடியால திரும்புது. ஊர்ச்சனம் ரெண்டு பக்கமும் நிண்டு கை தட்டுது. அந்த அஞ்சு நிமிசம் நான் அனுபவிச்சன், பொய் சொல்லேல்லை. பேந்து பாக்கிறன், தபால் கந்தோருக்கு முன்னால நாலு வான் வந்து நிக்குது. ஈஸ்ட்ஹாமில இருந்து, கொவென்ட்றியில இருந்து, நாப்பத்தாறு பேர். எல்லாரும் காஞ்சிபுரத்தோட. கையில பலகாரத் தட்டு. முன்னுக்கு மாமா, வேட்டி சால்வையோட, ஒரு சாக்குத் தேங்காய்.

அம்மா றோட்டுக்கு நடுவில வந்து உழவு மிசினுக்கு முன்னால நிண்டிட்டா. கையில ஆலாத்தித் தட்டு. வாழைப்பழத் துண்டு மூண்டு, அதில திரி குத்தி, எரியுது. மிசின் ஓடினவர் பிறேக்கை அமத்தினார். அம்மாவும் பெரியம்மாவும் மூண்டு தரம் சுத்தினவை. சுத்திப்போட்டு எனக்கு ஒரு பொட்டு, இறைச்சிக்கடைக்காரருக்கு ஒரு பொட்டு. அவர் மாமாவெல்லோ. மாமா தேங்காயை உழவு மிசினின்ர இரும்பில அடிச்சார். ரெண்டாப் பிளந்து தண்ணி போய் பாதிரியாரின்ர கண்ணாடியில பட்டுது. எனக்குக் கதிரைக்குக் கீழ பூந்திடலாம் போல இருந்தது. எண்டாலும் அதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கேல்லை. இந்தியாக்காரர் ஏதோ வாழ்த்துகினம் எண்டு நினைச்சுக்கொண்டு நிண்டிருப்பினம். அதோட விட்டிருக்கலாம்.

பாதிரியாரின்ர கையில ஒரு மைக் இருந்தது. கண்ணாடியைத் துடைக்கிறதுக்கு அதை ஒரு கையில இருந்து மற்றக் கைக்கு மாத்தினார். மாமா அது தனக்குத்தான் நீட்டுப்படுது எண்டு வாங்கிப்போட்டார்.

எங்கட ஆக்களிட்டை மைக் போனா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். நன்றியுரை. பதினேழு நிமிசம். இங்கிலீசில. ஊருக்கு நன்றி, சேர்ச்சுக்கு நன்றி, தண்ணி வாக்கிற மிஸிஸ் ஹார்க்னஸ் அம்மையாருக்கு நன்றி. பிறகு, எங்கட செல்வி சுபோதினி ஏப்ரல் ஒன்பதாந் திகதி சனிக்கிழமை காலை பத்து இருபதுக்கு இன்ன நட்சத்திரத்தில பூப்பெய்தினவ, அதை உங்கட ஊர் தன்ர பிள்ளை மாதிரி ஏற்று இந்தச் சடங்கைச் செய்யுது, சொந்தபந்தம் செய்யாததைச் செய்யுது எண்டு சொல்லி, அங்க நிண்ட அவ்வளவு பேருக்கும் தெளிவா, ஆறுதலா விளங்கப்படுத்தினார். ஸ்பீக்கர் சேர்ச்சுக் கோபுரத்தில கட்டியிருந்தது. வயலில நிண்ட ஆக்களுக்கும் கேட்டிருக்கும். ஹரியற் கேட்டாள். ஃபியோனா கேட்டாள். என்ர வகுப்புப் பெடியங்கள் எல்லாரும் கேட்டாங்கள்.

மாமா முடிச்சு மைக்கைப் பாதிரியாரிட்டைத் திருப்பிக் குடுத்தார். பிறகு மிஸிஸ் ஹார்க்னஸ் கை தட்டினா. அந்தச் சனத்துக்கு ஒருத்தர் கதைச்சு முடிச்சா கை தட்ட வேணும், என்ன கதைச்சது எண்டு பேந்துதான் யோசிப்பினம். அவ தட்ட எல்லாரும் தட்டினவை. பிறகு அவ பெரிய பானையில இருந்து தேத்தண்ணி வாத்தா, எங்கட சனம் வடையும் பயத்தம்பணியாரமும் குடுத்துது. அம்மா மிஸிஸ் ஹார்க்னஸின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை. மூண்டு வருசத்தில அம்மா சிரிச்சு நான் அண்டைக்குத்தான் பாத்தனான். அது இப்ப கதைக்குத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் போக மாட்டன் எண்டு நான் கட்டிலைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தன். அப்பா இழுத்துக்கொண்டு போய் விட்டார். பெடியங்களுக்கு என்னைப் பாக்கவே வெக்கம். மத்தியானம் டொனா என்னை நிலக்கரிக் கொட்டிலுக்குப் பின்னால கூட்டிக்கொண்டு போனாள். பகிடி பண்ணத்தான் போறாள் எண்டு நினைச்சன். அவள் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டு, தனக்குப் போன டிசம்பரில, நத்தாருக்கு முதல் வந்திட்டுது எண்டு சொன்னாள். அவளின்ர தாய் ஒரு பக்கற்றைக் கையில குடுத்து, அப்பாவுக்குச் சொல்லாதை எண்டு சொன்னதோட சரியாம்.

"உன்ர அம்மா எனக்கும் செய்வாவோ?" எண்டு கேட்டாள்.

அம்மாவிட்டை இதைப் போய்ச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிப்போட்டன். அம்மா அடுத்த ஞாயிறே மாமாவைக் கூப்பிட்டு, டொனாவை எங்கட பின்வளவில பலகையில இருத்தி, பாலும் அறுகும் வைச்சு, தண்ணி வாத்து, என்ர பட்டுப் பாவாடையைக் கட்டி விட்டா. ஜூனுக்கு எண்டு எனக்கு வாங்கி வைச்ச பாவாடை. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடுக்க டொனா முகத்தைச் சுழிக்காமல் ஒரே இழுவையில குடிச்சாள். டொனாவைப் பார், நீயும் இருக்கிறாய் எண்டு அம்மா எனக்குச் சொன்னவ. அவளின்ர தாய் வேலியில கையை வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டா. கண் எல்லாம் சிவந்திருந்தது. பிறகு ஃபியோனா வந்தாள். கீழ்ப் பெட்டை, றப்பர் பூட்ஸோட வயலைக் கடந்து, எங்கட கதவைத் தட்டினாள். பிறகு ஹரியற், இந்தப் பிள்ளைக்கும் செய்யுங்கோ எண்டு மிஸிஸ் ஹார்க்னஸ் எழுதின கடிதத்தோட. அந்தக் கோடையிலயும் அடுத்த கோடையிலயுமாப் பதினொரு பேர். மாமா ஒவ்வொரு தரமும் தேங்காயோட வந்தார். ஒவ்வொரு தரமும் நன்றியுரை.

இப்ப என்ர மண்டபத்தைக் கேளுங்கோ. ஜூன் வந்துது. ஈஸ்ட்ஹாம் மண்டபத்தை அம்மா வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா. "உனக்குத்தான் ஊரே கூடிச் செய்தாச்சே பிள்ளை. ஒருத்திக்கு ரெண்டு தரம் செய்யிற வழக்கம் எங்கை கிடக்கு?"

அது சாமத்திய வீடு இல்லை அம்மா எண்டு சொன்னா, அப்ப அந்தப் படம் என்ன எண்டு கேப்பா. வாயைத் திறக்க ஏலேல்லை. என்ர மச்சாள் கவிதாவுக்கு அதே மண்டபத்தில, அதே நாளில, எனக்கு எண்டு குடுத்த முற்பணத்தில நடந்தது. நான் போய்ப் பலகாரத் தட்டுத் தூக்கினன். கலியாணம் முடிச்சவுடன மாமியார் சாமத்திய வீட்டு அல்பத்தைக் காட்டு எண்டு கேட்டா. பேப்பரில வந்த ஒரு படம்தான் இருந்தது, உழவு மிசினோட. மாமியார் அதைப் பாத்துப்போட்டு எழும்பிப் போனா. சரி, எனக்கு இல்லாட்டி என்ர மகளுக்கெண்டாலும் வடிவாச் செய்வம் எண்டு இருந்தன். அவள் பன்ரெண்டு வயசில, தன்னைக் காட்சிப் பொருளாக்க விடமாட்டன் எண்டு எனக்கு ஒரு மணித்தியாலம் வகுப்பு எடுத்தாள். ஆக, அதுவும் போச்சு.

அப்பா போன பிறகும் அம்மா எஸ்ரேற் வீட்டை விட்டு வரேல்லை. டொனா ரெண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறாள், மருந்து எடுத்துக் குடுக்கிறது, டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறது எல்லாம் அவள். போன மாசி மாசம் நான் போயிருந்தன். டொனாவும் குசினியில இருந்தாள். அம்மா போனில கவிதாவின்ர மகளின்ர வீடியோவைப் பாத்துக்கொண்டிருந்தா, பல்லக்கில தூக்கிக்கொண்டு வருகினம். பாத்துப்போட்டு, என்னதான் செய்தாலும் உனக்கு நடந்த மாதிரி வராது எண்டு சொன்னவ.

எனக்கு எங்கையிருந்து வந்துதோ தெரியாது. எனக்கு ஒண்டும் நடக்கேல்லை அம்மா எண்டு கத்திப்போட்டன். அது மே ராணி. வெள்ளைக்காரர் வசந்த காலத்துக்குச் செய்யிறது. நான்தான் உங்களைப் பேக்காட்டினனான். முப்பத்தேழு வருசத்தை ஒரே மூச்சில கொட்டினன்.

அம்மா போனை மேசையில கவிட்டு வைச்சா. பிறகு முகம் அப்பிடியே மாறிப் போச்சு.

"அப்ப உனக்கு இன்னும் துடக்குக் கழியேல்லையோ?"

நான் இதை எதிர்பாக்கேல்லை. அம்மா விரலை மடக்கத் துடங்கினா. நீ துடக்கோட கலியாணம் முடிச்சனி. துடக்கோட கோயிலுக்குப் போனனி. கொப்பர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத் துடக்கோட சமைச்சனி. தொண்ணூற்றிநாலில என்ர தேசிக்காய் ஊறுகாய் பூஞ்சணம் பிடிச்சது, நான் டொனாவில எல்லோ பழியைப் போட்டனான். டொனாவுக்கு ஊறுகாய் எண்டது விளங்கி, அது நானில்லை எண்டு அப்பவே சொன்னனான் எண்டாள். முப்பது வருசமா அம்மாவோட இருந்து அவளுக்குப் பாதித் தமிழ் வரும்.

பிறகு அம்மா விரல் மடக்கிறதை நிப்பாட்டிப்போட்டா. கையை மேசையில வைச்சுக்கொண்டு மெல்லமாக் கேட்டவ.

"அப்ப அண்டைக்கு நான் ஆருக்குச் செய்தனான்?"

எனக்கு என்னைப் பாக்கவே பிடிக்கேல்லை.

"எங்களுக்கு, அம்மா," எண்டு டொனா தமிழில சொன்னாள்.

அம்மா அவளைப் பாத்து, அது சரி, உங்களுக்கு எல்லாம் கழிஞ்சுட்டுது, இவளைத்தான் இப்ப பாக்க வேணும் எண்டு எழும்பிப் போய்க் கலண்டரைப் பாத்தா.

நான் எவ்வளவோ மறிச்சன். நாப்பத்தெட்டு வயசில, வளந்த பிள்ளையள் இருக்கேக்கை, இது என்ன கூத்து எண்டு சொன்னன். அம்மாவின்ர சொல்லுக்காகத்தான் ஒத்துக்கொண்டது. சாறி அரக்கு நிறம், அதுவும் அம்மாவின்ர விருப்பம். ஊஞ்சல் வேண்டாம் எண்டுதான் நான் சொன்னனான், வாடகைக்கு மலிவாக் கிடைச்சபடியா எடுத்தது. வீடியோக்காரர் ரெண்டு பேர் ஒண்டாத்தான் வருவினமாம், ஒருத்தரை மட்டும் எடுக்க ஏலாதாம்.

போன சனிக்கிழமை நடந்தது. ஹரியற் கனடாவில, அவள் வரேல்லை, மற்றப் பத்துப் பேரும் வந்தவை. ஃபியோனா இப்ப பள்ளிக்கூடத்து அதிபர். ஆலாத்திக்கு எந்தப் பக்கத்தால சுத்திறது எண்டு லண்டனில இருந்து வந்த எங்கட சனம் தங்களுக்குள்ள வாக்குவாதப்பட, டொனா தட்டை வாங்கிச் சுத்திக் காட்டினாள். மாமாவுக்கு எழுபத்தாறு, இடுப்பு மாத்தினவர், கம்பைப் பிடிச்சுக்கொண்டு தேங்காய் உடைச்சார். நன்றியுரை இருபத்தைஞ்சு நிமிசம். என்ர மகள், காட்சிப் பொருள் எண்டு எனக்கு வகுப்பு எடுத்தவள், எனக்குத் தலை இழுத்துப் பூ வைச்சு விட்டாள். பச்சை முட்டை இப்பவும் எனக்கு இறங்கேல்லை.

அதே பின்வளவில, அதே பலகையில இருந்தன். அம்மா என்ர தலையில பாலும் அறுகும் வைச்சா. டொனா தண்ணியை வாத்தாள். முதல் செம்பு தலையில விழேக்கை எனக்கு அழுகை வந்திட்டுது. நிப்பாட்ட ஏலேல்லை, சின்னப்பிள்ளை மாதிரி அழுதன். ஏன் அழுறாய் எண்டு அம்மா கேட்டவ. குளிருது எண்டன். அம்மா தன்ர சாறித் தலைப்பால முகத்தைத் துடைச்சு விட்டா.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்றீற் ஸ்ரேசனுக்கு இன்னும் இருவது நிமிசம் இருக்கு. அல்பம் அடிச்சு வர ஆறு கிழமை செல்லுமாம், ஆனா எல்லாம் என்ர போனில கிடக்கு. அறுநூற்றுப் பன்ரெண்டு படம். கிட்ட வாங்கோ, வெளிச்சம் படுது. இது ஊஞ்சல். இதில நிக்கிறது ஃபியோனா, சாறியை நான்தான் கட்டி விட்டனான். இது அம்மா. வாசலில நிண்டு கதைக்கிறா, பக்கத்தில நிக்கிறது தபால்காரப் பெடியன். கடிதம் குடுக்க வந்தவனைப் பிடிச்சு வைச்சு, என்ர மகள் பெரியபிள்ளை ஆகிட்டாள் எண்டு இங்கிலீசில சொல்லுறா. எனக்கு உள்ளுக்க இருக்க எல்லாம் கேட்டுது. நான் மறிக்கேல்லை.